வீட்டுக்குப் போய்க் கதை சொல்லும் கைவேலை: வன்னியில் ஞாயிறு பாடசாலை எடுப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஞாயிறு பாடசாலை எடுக்கத் தொடங்கிய புதிதில், வேதாகமத்தில் மீன் விழுங்கிய யோனாவின் படம் ஒன்றை 25 போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டு போனேன். அன்றைக்கு ஆராதனைக்குச் சனம் அதிகம். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்ற நினைப்பு. தாளைக் கொடுத்தேன், பெட்டியில் கிடந்த பஸ்ரலைப் பங்கிட்டேன். முக்கால் மணித்தியாலம் விறாந்தையில் ஒரு சத்தமில்லை. முடிந்ததும் ஒரு சின்னவனிடம், "இது என்ன?" என்று கேட்டேன்.

"சுறா."

"வயித்துக்குள்ள ஆர் இருக்கிறது?"

கொஞ்சம் யோசித்தான். "சுறா திண்ட ஆள்."

அவன் சொன்னதில் என்ன பிழை? கதையைச் சொல்லாமல் தாளை மட்டும் கொடுத்தவள் நான். யோனாவின் புத்தகத்தில் சுறாவும் இல்லை, திமிங்கிலமும் இல்லை, "ஒரு பெரிய மீன்" என்றுதான் இருக்கிறது என்பதையும் அன்றிரவுதான் திரும்ப வாசித்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கைவேலையையும் ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை வீட்டில் அம்மம்மாவுக்குக் கதையைச் சொல்லுமா? சொல்லாது என்றால் அந்த வேலை எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப் பக்கம், தனி வகுப்பறை இல்லாத சின்னக் கோயில்களில் விறாந்தையிலோ மாமரத்தடியிலோ பாய் விரித்துப் படிப்பிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: கதையை ஒரு வரியாக்குங்கள்

இது வெள்ளிக்கிழமை பின்னேரமே முடிய வேண்டிய வேலை. சனி இரவு படம் தேடத் தொடங்கினால், கிடைக்கிற படத்துக்குக் கதையை வளைக்கத்தான் வரும்.

பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். பிறகு அதில் யார் என்ன செய்தார் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். லூக்கா 19 ஐ எடுத்தால், "சகேயு காட்டத்தி மரத்தில் ஏறினான், இயேசு இறங்கி வரச் சொன்னார்." இந்த வரியில் உயிர் எங்கே இருக்கிறது? ஏறினான், இறங்கினான் என்பதில். அப்படியென்றால் கைவேலையிலும் ஒருவன் ஏறி இறங்க வேண்டும். மரத்தில் ஒரு மனிதன் குந்தியிருக்கிற படத்துக்கு நிறம் தீட்டினால் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அதே மரத்தைக் காட்போட்டில் வெட்டி, மேலேயும் கீழேயும் ஒவ்வொரு துளை போட்டு, நூலை இரண்டு துளைக்குள்ளாலும் விட்டுப் பின்பக்கம் முடிந்துவிடுங்கள். முன்பக்க நூலில் விரல் நீளத்தில் ஒரு கடதாசிச் சகேயுவை ஒட்டினால், பின்னால் நூலை இழுக்க அவன் ஏறுவான், இறங்குவான். பிள்ளை அதை இழுத்து இழுத்தே கதையைச் சொல்லிவிடும்.

படி 2: சாமான் சேருங்கள்

கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான். டிமை என்ற பெரிய தாள், பஸ்ரல் அல்லது கலர் பென்சில், நுனி மழுங்கிய கத்தரிக்கோல் மூன்று நான்கு, ஒரு கட்டு நூல். பிறிஸ்டல் போட் என்ற தடித்த அட்டையை நல்ல நாளுக்கு வையுங்கள். மற்றதெல்லாம் வீடுகளில் கிடக்கிறது: பால்மாப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி, யோகட் கப், சிரட்டை, ஈர்க்கு, பழைய பத்திரிகை, தையல்காரர் கழித்த துணித்துண்டு. "எறியாமல் வைச்சிருந்து தாங்கோ" என்று பெற்றோரிடம் ஒரு வாரம் சொன்னால், அடுத்த வாரம் வைக்க இடம் காணாது.

கம் போத்தல் வாங்கிக் கட்டுப்படியாகாது. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கால் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். முக்கால் கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்ததை அதில் விட்டு, பளபளப்பாகித் தடிக்கும் வரை கிண்டுங்கள். ஒரு சிட்டிகை உப்புப் போடலாம். சனி இரவு காய்ச்சினால் ஞாயிறு காலைக்குச் சரி. திங்கட்கிழமை புளித்துவிடும். இந்தப் பசையால் செய்ததைக் கோயில் அலுமாரியில் வைத்தால் எலியும் கரப்பானும் வரும், அன்றன்றே வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பெத்லகேம் மாட்டுக்கொட்டில் ஒன்று அப்படித்தான் போனது.

இன்னொரு விஷயம், இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். கல், விதை, சுள்ளி பொறுக்கி வா என்று பிள்ளைகளைக் காட்டுப்பக்கமோ பாழ் வளவுக்கோ அனுப்பாதீர்கள். கண்ணிவெடியும் வெடிக்காத பொருட்களும் எங்கள் மண்ணில் இன்னும் முற்றாக எடுத்து முடியவில்லை. தேவையானதைக் கோயில் வளவுக்குள் நீங்களே பொறுக்குங்கள். குன்றிமணியும் வேண்டாம். உருவங்களுக்குக் கண்ணாக ஒட்ட அழகாக இருக்கும், ஆனால் மென்று விழுங்கினால் கடும் நஞ்சு. கறுப்பு உழுந்து போதும்.

படி 3: படத்தை நீங்களே வரையுங்கள்

"எனக்குக் கீறத் தெரியாது" என்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இணையத்தில் எடுக்கிற படங்களில் பாதியில் இயேசுவுக்குப் பொன்னிறத் தலைமயிர், பின்னால் பச்சைப் புல்வெளி. கலிலேயாவும் யூதேயாவும் அப்படியான நாடில்லை. கிணறு, ஆட்டுப்பட்டி, அத்திமரம், வலை காயப்போட்ட கரை, கல்லும் புழுதியும். இவற்றில் பலவற்றை எங்கள் பிள்ளை நேரில் கண்டிருக்கிறது. கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் சமாரியப் பெண்ணைக் கீற எங்களுக்கு ஒரு பொம்மைப் படம் தேவையா? அதற்காகக் கலிலேயாக் கரையில் பனைமரத்தை நட்டுவிடவும் கூடாது. அங்கே நிற்பது பேரீச்சை. கதை நடந்த ஊர் அந்த ஊராகவே இருக்கட்டும்.

வரைவதற்குச் சுகமான வழி அச்சு. பால்மாப் பெட்டி அட்டையில் மீன், வள்ளம், ஆடு, மனிதன், மரம் என்று ஐந்து உருவத்தை உள்ளங்கை அளவில் வெட்டி வையுங்கள். பிள்ளை அதைத் தாளில் வைத்துச் சுற்றிக் கீறும். இந்த ஐந்தும் இருந்தால் வேதாகமக் கதைகளில் பாதியைக் கீறலாம். போட்டோக்கொப்பிக் காசு மிச்சம். கரண்ட் இல்லாவிட்டாலும் பாடம் நடக்கும். எல்லாவற்றையும் விட, பிள்ளை தானே உருவத்தை வைக்கிறது. வள்ளத்துக்குள் மனிதனை வைப்பதா, தண்ணீரில் வைப்பதா என்று பேதுரு தண்ணீரில் நடந்த கதையில் அது யோசிக்கும்.

மூன்று தொடக்கம் ஐந்து வயதுக்கு ஒரு தாளில் ஒரு உருவம், தடித்த கோடு. கோட்டுக்கு வெளியே போனால் போகட்டும். ஆறு தொடக்கம் எட்டு வயது வெட்டும், ஒட்டும். அதற்கு மேலே உள்ளவர்களுக்கு நிறம் தீட்டக் கொடுத்தால் அவமானப்படுவார்கள். அவர்களை வெறுந்தாளில் கதையை நான்கு கட்டமாகக் கீறச் சொல்லுங்கள், அல்லது சின்னவர்களுக்கு அச்சு வெட்டும் பொறுப்பைக் கொடுங்கள். ஞாயிறு பாடசாலை இயக்கமே 1780 இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் றொபேட் ரெய்க்ஸ் என்பவர், வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ததில் வளர்ந்தது. உங்கள் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் திணறுகிற ஒரு பத்து வயதுப் பிள்ளை இருக்கும். படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி, அதற்குள் நிறம் தீட்டக் கொடுங்கள். யாருக்கும் தெரியாமல் அது அந்தச் சொல்லை வாசித்துவிடும்.

படி 4: ஒரு மணித்தியாலத்தைப் பிரியுங்கள்

பாட்டுக்கும் செபத்துக்கும் 10 நிமிஷம், கதைக்கு 12, கைவேலைக்கு 25, திரும்பச் சொல்ல 10, மிச்சம் கூட்டித் துடைக்க. கதை முடியும் வரை பஸ்ரல் பெட்டியை வெளியே எடுக்காதீர்கள். பெட்டியைக் கண்டால் காது மூடிவிடும். கைவேலை நடக்கும்போது நீங்கள் கதிரையில் இருக்காமல் பாயில் இருங்கள். "இவர் ஏன் அழுறார்?" "இந்த ஆடு எங்க நிண்டது?" என்று நிறம் தீட்டுகிற பிள்ளையிடம் மெல்லக் கேட்டால், மேடையில் நின்று கேட்கும்போது வராத பதில் வரும். கை வேலை செய்யும்போது வாய்க்கு வெட்கம் இல்லை.

கத்தரிக்கோல் காணாவிட்டால் கிழித்து ஒட்டச் சொல்லுங்கள். கிழித்த கடதாசியில் ஆட்டு மயிரும் கடல் அலையும் வெட்டியதை விட நன்றாக வரும்.

எங்கள் வயலுக்கு ஏற்ற கதை: விதைக்கிறவன்

மத்தேயு 13. ஒருவன் வீசிய விதை வழியிலும் கல்நிலத்திலும் முள்ளிலும் நல்ல நிலத்திலும் விழுந்த கதை, வழியில் விழுந்ததைக் குருவிகள் தின்றன. வன்னியில் இந்தக் கதைக்கு விளக்கமே தேவையில்லை. இரண்டு ஞாயிறு எடுங்கள்.

டிமைத் தாளை நான்காக மடித்து விரிக்கவும். முதல் கட்டத்தில் வழி, அதாவது எங்கள் கண்ணில் வரம்பு. அதில் பசை பூசி, அரித்த காய்ந்த மண்ணைத் தூவி அழுத்தவும். இரண்டாவதில் சின்னக் கற்கள். மூன்றாவதில் முள். காரை முள்ளை ஒட்டினால் கையைக் கிழிக்கும், ஈர்க்கைச் சின்னச் சின்னதாக முறித்துக் குறுக்கும் மறுக்கும் ஒட்டுங்கள். நான்காவதில் ஈர மண்ணைக் கையால் தேய்த்து, மேலே பச்சைப் பஸ்ரலால் பயிர். நான்கு கட்டத்திலும் மூன்று மூன்று நெல் ஒட்ட வேண்டும். வரம்பில் ஒட்டும் நெல்லுக்குப் பக்கத்தில் ஒரு குருவி.

முதன்முறை இதைச் செய்யும்போது ஒரு பெட்டை கேட்டாள், "ஏன் ரீச்சர் அந்தாள் வரம்பில விதைச்சது? நெல்லு வீண் எல்லோ?" நான் வாய் திறக்க முதல் இன்னொருத்தன் சொல்லிவிட்டான்: "வீசி விதைக்கேக்க விழும்தானே. எங்கட அப்பா விதைச்சாலும் வரம்பில விழும்." உரையாசிரியர் எவரும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

மூத்த பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுங்கள். நல்ல நிலத்தில் விழுந்தது முப்பதாகவும் அறுபதாகவும் நூறாகவும் பலன் தந்தது என்கிறது கதை. எங்கள் பக்கம் ஏக்கருக்கு ஏறக்குறைய 2 புசல் விதைநெல் வீசுகிறோம். முப்பது மடங்கு என்றால் 60 புசல், ஒரு சாதாரண போகம். அறுபது மடங்கு 120, அந்தக் கமக்காரனை ஊரே பேசும். நூறு மடங்கு 200 புசல். அப்படி ஒரு வயலை இங்கே யாரும் கண்டதில்லை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் அந்தக் கதையைக் கேட்ட கலிலேயாக் கமக்காரர் ஏன் வாய் பிளந்திருப்பார்கள் என்று எனக்கே பிடிபட்டது.

அடுத்த ஞாயிறு அதே நான்கு நிலத்தை நான்கு சிரட்டையில் செய்யுங்கள். ஒன்றில் மண்ணை இறுக்கி மிதித்து, ஒன்றில் கல்லுக்கு மேலே ஒரு விரல் மண், ஒன்றில் வேரோடு பிடுங்கிய கோரைப்புல், ஒன்றில் நல்ல சேற்றுமண். ஒரு இரவு ஊறப்போட்ட நெல்லைத் தூவி விறாந்தைக் கட்டின் மேல் வையுங்கள். எங்களுக்கு முதலில் முளை காட்டியது கல்லுச் சிரட்டைதான். பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். "பொறுங்கோ" என்றேன். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் அது காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. மண் ஆழமில்லாததால் சீக்கிரம் முளைத்தது, வெயில் ஏறினதும் காய்ந்தது என்று வேதாகமத்தில் இருப்பதை அப்போது வாசித்தோம். ஒருவரும் அசையவில்லை.

கரையோரப் பிள்ளைகளுக்கு: வலையும் 153 மீனும்

யோவான் 21. உயிர்ப்புக்குப் பிறகு சீஷர்கள் இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் படவில்லை, விடிய இயேசு சொன்ன பக்கம் போட்டார்கள், 153 பெரிய மீன், வலை கிழியவில்லை.

வலை செய்யப் பழைய பத்திரிகைத் தாள் போதும். நீளப்பாட்டுக்கு இரண்டாக மடித்து, இன்னொருமுறை நீளப்பாட்டுக்கு மடிக்கவும். ஒரு பக்க விளிம்பிலிருந்து வெட்டிக்கொண்டு போய், மறு விளிம்புக்கு ஒரு விரல் இருக்க நிற்பாட்டவும். அடுத்த வெட்டு எதிர்ப் பக்கத்திலிருந்து. இப்படி மாறி மாறி ஒரு விரல் இடைவெளியில் முழுத் தாளையும் வெட்டி, மெல்ல விரித்து இழுத்தால் கண்ணி கண்ணியாக வலை வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுபட்டால் திட்டாதீர்கள். "வலை கிழியேல்லை எண்டு ஏன் எழுதி வைச்சவை?" என்று கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நந்திக்கடல் களப்புப் பக்கத்து வகுப்பொன்றில் ஒரு பையன் என் மாதிரி வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணி பெரிசு அக்கா, இறால் எல்லாம் போயிடும்" என்றான். அன்றைக்கு வலை வெட்டக் காட்டிக்கொடுத்தது அவன்தான், நான் பக்கத்தில் இருந்து மீன் கீறினேன்.

153 மீனையும் உண்மையாகச் செய்யுங்கள். 17 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 9. குறைந்த வகுப்பென்றால் இரண்டு மூன்று ஞாயிறாகச் சேருங்கள். அச்சால் கீறி, நிறம் தீட்டி, வெட்டி, கோயில் வாங்குகளில் பரப்பி எண்ணும்போதுதான் அது எவ்வளவு மீன் என்று தெரியும். குளத்தடிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: கலிலேயாக் கடல் பெயருக்குத்தான் கடல், அது நன்னீர் ஏரி. அங்கே வலையில் படுகிற மீன்களில் எங்கள் குளத்துத் திலாப்பியாவின் உறவு மீனும் உண்டு.

பெந்தெகொஸ்தேக்கு: மஞ்சளில் தோன்றும் நெருப்பு

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசி, சனிக்கிழமையே காயவிடுங்கள். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளின் கதையை அப்போஸ்தலர் 2 இலிருந்து சொல்லி, சீஷர் ஒவ்வொருவர் மேலும் அக்கினிமயமான நாவுகள் வந்து அமர்ந்த இடம் வந்ததும், ஆளுக்கொரு துணி சுற்றிய ஈர்க்கும் சவர்க்காரத் தண்ணீரும் கொடுங்கள். மஞ்சள் தாளில் கீறக் கீறச் செந்நிறச் சுவாலை எழும்பும். மந்திரம் என்று விடாமல் காரணத்தைச் சொல்லுங்கள்: மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும், ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதனால்தான். சுண்ணாம்பில் இன்னும் கடும் சிவப்பு வரும், ஆனால் கண்ணுக்கு ஆபத்து, பிள்ளைகள் கையில் வேண்டாம். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்து, தாய்மாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கறை பட்டால் தோய்த்து நல்ல வெயிலில் போட்டால் பெரும்பாலும் வெளிறிவிடும்.

பெருவெள்ளத்தில் மிதந்த நோவாவின் பேழைக்குத் தாளே வேண்டாம். 300 முழம் நீளம், 50 முழம் அகலம் என்று ஆதியாகமம் 6 சொல்கிறது. கயிற்றை முழம் போட்டு அளந்து விளையாட்டுத் திடலில் பிடியுங்கள். முழம் 45 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஏறக்குறைய 135 மீற்றர் வரும்.

சில கதைகளை எடுக்க முதல் வீட்டுக்குப் போங்கள்

பேழைக் கதையிலேயே இந்தக் கவனம் தொடங்க வேண்டும். 2004 இல் கரையோரத்தில் கடல் என்ன செய்தது, 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தபோது எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் பிள்ளை காணாவிட்டாலும் வீடு கண்டிருக்கிறது. தண்ணீரில் மிதக்கிற மனிதரைக் கீறச் சொல்லாதீர்கள். பேழையும் வானவில்லும் போதும்.

ஒருமுறை லூக்கா 15 இன் ஆட்டைப் பஞ்சு ஒட்டிச் செய்து, "காணாமற்போன ஆடு கிடைத்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிள்ளை அதைக் கொண்டுபோய் அப்பம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறது. அந்த வீட்டில் காணாமல் போன ஒருவரின் படம் சுவரில் தொங்குகிறது. அடுத்த நாள் நான் போனபோது அந்த ஆடு அந்தப் படத்துச் சட்டத்தில் செருகியிருந்தது. அப்பம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தார். கதையை நான் கைவிடவில்லை. இப்போது அந்த ஞாயிறுக்கு முதல் கிழமை அப்படியான வீடுகளுக்குப் போய், இன்ன கதை எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அப்பாவுக்கு வாழ்த்து மட்டை செய்கிற நாளிலும், "உங்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஆளுக்கு" என்று சொல்லித்தான் தொடங்குவேன்.

ஒரு பிள்ளை தாள் முழுக்கக் கறுப்பு அடித்தால் உடனே பயந்துவிடாதீர்கள். "இதைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, "இரவு, அதான்" என்று பதில் வந்தது. வாரா வாரம் தொடர்ந்தால் போதகரிடம் தனியாகக் கதையுங்கள், வகுப்பில் வைத்து வேண்டாம்.

முதலாமிடம், இரண்டாமிடம், பரிசு இவையும் வேண்டாம். பரிசு என்றால் தாய்மார் கீறிக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசிப் படி: வாசலில் ஒத்திகை

போகும் முதல் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக இருத்துங்கள். ஒருவர் கைவேலையைக் காட்டிக் கதையைச் சொல்ல, மற்றவர் அம்மம்மா. அம்மம்மா கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எங்கே தடக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு செபம் முடிந்ததும், படம் எப்படி என்று கேளாமல், "ஆருக்குச் சொன்னனீங்கள், என்ன சொன்னவை?" என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் தலையைக் குனிவார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள். விதைக்கிறவன் கதைக்கு அடுத்த வாரம், வரம்பில் விழுந்த நெல்லைப் பற்றிச் சொன்ன அதே பையன் கையை உயர்த்தினான்.

"அப்பாவுக்குச் சொன்னனான். 200 புசல் எண்டதும் சிரிச்சவர். பிறகு, அந்தாள் என்ன விதைநெல்லு போட்டவராம் எண்டு கேட்டவர்."